தேக்குக் கதவு ஒன்று, தேறாத கருவிகள் பல

பொள்ளாச்சிப் பக்கம் இருக்கும் எங்கள் பழைய வீட்டின் முன்கதவு மீண்டும் நிலையில் ஏறிவிட்டது. இரட்டைக் கதவில் ஒரு பக்கம் மட்டும்தான். மழைச்சாரலும் கரையானும் சேர்ந்து அதன் அடிச்சட்டத்தை முழுக்க அரித்திருந்தன. இரு நெட்டுச் சட்டங்களிலும் கீழிருந்து ஒரு சாண் உயரத்துக்கு மரம் பொடியாகியிருந்தது. அதற்கு மேலே ஒரு பூச்சி அரிப்புகூட இல்லை. ஆனைமலைத் தேக்கு என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். அப்படிப்பட்ட மரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு ஃபிளஷ் டோர் மாட்ட எனக்கு மனம் வரவில்லை.

வேலை இதுதான்: கெட்ட பகுதியை அறுத்தெடுத்து, பழைய தேக்கில் துண்டு சேர்த்து, புது அடிச்சட்டத்தை நாக்கும் துளையுமாகக் கோத்து, மரமுளை அடித்து இறுக்க வேண்டும். மரம் கடைசிவரை எந்தத் தொந்தரவும் தரவில்லை. நேரத்தையும் பணத்தையும் தின்றவை கருவிகள். அவற்றில் எவை தேறின, எவை எந்தப் பாடுபட்டும் தேறவில்லை என்பதை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

வாங்கியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். டிரில், பிட்டுகள், சுத்தியல், திருப்புளிகள், ஸ்பேனர்கள், கட்டிங் பிளேயர் எல்லாம் ஒரே பெட்டியில் வரும் செட் 2,700 ரூபாய். 4 அங்குல கிரைண்டர் 1,350. 6, 12, 18, 25 மி.மீ. அகலங்களில் நான்கு உளிகள் 420. இரும்பு இழைப்புளி 780. எஃகு மூலைமட்டம் 150. மொத்தம் 5,400 ரூபாய். பழைய வீடுகளை இடித்த மரம் விற்கும் கடையில் தேக்குத் துண்டுகள் 2,400 ரூபாய்க்குக் கிடைத்தன. வீட்டில் எப்போதாவது செய்கிற வேலைக்கு இந்தக் கருவிகளே போதும் என்றார்கள் கடையில். தேக்குக்கோ நான் எப்போதாவது வேலை செய்பவன் என்பது தெரியாது. தொழில்முறைத் தச்சரின் உளியிடம் காட்டும் அதே கடினத்தைத்தான் என் உளியிடமும் காட்டும்.

முதல் வேலை கீல்களைக் கழற்றுவது. மேல் கீலில் பழைய பித்தளைத் திருகாணிகள், ஒற்றைப் பள்ளத் தலை. செட்டிலிருந்த பெரிய திருப்புளியை வைத்து அழுத்தித் திருப்பினேன். திருகாணி அசையவில்லை, திருப்புளியின் நுனிதான் முறுக்கிக்கொண்டது. காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்கிய எஃகாக இருந்தால் ஒடிந்திருக்கும், அல்லது திருகாணி கழன்றிருக்கும். இப்படி வெண்ணெயாக வளைகிறது என்றால் அதற்குத் தோய்ச்சலே வைக்கவில்லை என்று பொருள். வீட்டில் கிடந்த மரப்பிடித் திருப்புளி ஒன்றின் நுனியை அரத்தால் ராவி, பள்ளத்தின் நீளத்துக்கும் தடிமனுக்கும் சரியாக உட்காரும்படி செய்தேன். சூடான சால்டரிங் அயர்னைத் திருகாணித் தலையில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்து, ஆறியதும் திருப்பினால் ஒவ்வொன்றாக வழிக்கு வந்தன. தலை சிதையாமல் வந்ததால் அதே திருகாணிகளைத் திரும்பவும் பயன்படுத்த முடிந்தது.

கீழ்க்கீலில் யாரோ பின்னாளில் 8 மி.மீ. போல்ட்டு போட்டு முடுக்கியிருந்தார்கள். அதற்கு 13 அளவு ஸ்பேனர். செட்டிலிருந்த 13ஐ வெர்னியரில் அளந்தபோது வாய் 13.4 மி.மீ. இருந்தது. பக்கத்து லேத் பட்டறையில் இருந்த நல்ல ஸ்பேனர் 13.15 காட்டியது. இந்தக் கால் மி.மீ. வித்தியாசம்தான் எல்லாமே. நட்டின் தட்டையான பக்கத்தைப் பிடிக்க வேண்டிய வாய் அதன் மூலைகளைப் பிடித்தது. பலம் கொடுத்ததும் வாய் இன்னும் விரிந்து 13.9 ஆனது, நட்டு உருண்டையானது. மேலே பூசிய குரோமியம் செதிலாக உரிந்து உள்ளங்கையைக் கீறியது. உள்ளே சொரசொரப்பான வார்ப்பு தெரிந்தது. ஸ்பேனர் என்பது பழுக்கக் காய்ச்சி அச்சில் அடித்து உருவாக்க வேண்டிய பொருள். வார்த்து எடுத்து மினுக்கி விற்றால் இப்படித்தான் ஆகும். இதைத் திருத்த வழியே இல்லை. விரிந்த வாயைச் சுத்தியலால் தட்டி நெருக்கினாலும் அடுத்த நட்டில் மீண்டும் விரியும்.

உருண்டுபோன நட்டை அறுக்க வேண்டியிருந்ததால் கிரைண்டரை எடுத்தேன். டிஸ்க்கை மாட்டுவதற்கு முன்பே இரண்டு குறைகள் கண்ணில் பட்டன. கூடவே இலவசமாக வந்த அறுப்பு டிஸ்க்கின் நடுவிலுள்ள உலோக வளையத்தில் காலாவதித் தேதி பொறித்திருப்பார்கள். அது முடிந்துபோயிருந்தது. இந்த டிஸ்க்குகள் பிசின் வைத்து ஒட்டியவை, வைத்திருக்க வைத்திருக்கப் பலம் குறைபவை. புது டிஸ்க் 40 ரூபாய்தான், அதனால் அதை மாற்றிவிட்டேன். இரண்டாவது குறை, பாதுகாப்புக் கவசம். எவ்வளவு முடுக்கினாலும் ஓட்டத்தின் அதிர்வில் அது தானாகச் சுழன்று விலகியது. 100 மி.மீ. டிஸ்க் நிமிடத்துக்கு 11,000 சுற்று ஓடும்போது அதன் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் போகிறது. உடைந்தால் துண்டுகள் அதே வேகத்தில் பறக்கும். முகத்துக்கும் அதற்கும் நடுவே இருப்பது அந்தக் கவசம் ஒன்றுதான்.

கவசத்தைக் கம்பி கட்டி நிறுத்திவிட்டு, கண்ணாடி அணிந்து அறுக்கத் தொடங்கினேன். பாதியில் நிறுத்தலாம் என்று ஸ்விட்சைப் பின்னால் தள்ளினால் அது வரவில்லை. இரும்புத்தூள் உள்ளே புகுந்து சிக்கிக்கொண்டது. கையில் சீறிக்கொண்டிருந்த கிரைண்டரை உடலிலிருந்து விலக்கிப் பிடித்தபடியே சுவரிலிருந்த பிளக் பாயிண்டை அணைக்க வேண்டியதாயிற்று. அத்தோடு அதன் ஆயுள் முடிந்தது. மீதி போல்ட்டை ஹேக்சா பிளேடால் கையால் அறுத்தேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

அந்தக் கிரைண்டரை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. வயரை அடியோடு வெட்டி எடுத்த பிறகுதான் பழைய இரும்புக்காரரிடம் போட்டேன். ஒழுங்காக நிற்காத ஸ்விட்சும் நிற்காத கவசமும் உள்ள கிரைண்டரை மலிவு விலைக் கருவி என்று சொல்லக் கூடாது. ஆபத்தான பொருள் என்று சொல்ல வேண்டும். அதை விற்பனைக்கு வைத்தவர்கள்மீது எனக்குக் கோபம் இன்னும் தணியவில்லை.

அடுத்தது குறியிடுதல். மூலைமட்டத்தைச் சோதிக்க அளவுகருவி எதுவும் வேண்டாம். நேரான விளிம்புள்ள பலகையில் மட்டத்தை ஒட்டி வைத்து மெல்லிய கோடு போட வேண்டும். மட்டத்தைப் புரட்டி அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு போட வேண்டும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் மட்டம் சரி. என் மட்டத்தில் 300 மி.மீ. தூரத்தில் கோடுகள் 3 மி.மீ. விலகி நின்றன. புரட்டும்போது பிழை இரட்டிப்பாகத் தெரியும் என்பதால் உண்மையான பிழை 1.5 மி.மீ. 500 மி.மீ. அகலமுள்ள கதவில் இது 2.5 மி.மீ. சாய்வு. இரட்டைக் கதவு நடுவில் சேரும் இடத்தில் அந்தச் சாய்வு பளிச்சென்று தெரியும்.

இதைச் சரிசெய்ய முடிந்தது. ஒரே எஃகுத் தகட்டில் வெட்டிய எல் வடிவ மட்டமாக இருந்தால் மூலையில் சென்டர் பஞ்ச் வைத்துத் தட்டினால் உலோகம் அந்த இடத்தில் விரிந்துகொடுக்கும். கோணம் விரிந்திருந்தால் வெளிமூலை ஓரம் தட்ட வேண்டும், சுருங்கியிருந்தால் உள்மூலை ஓரம். என்னுடையது விரிந்திருந்தது. ஒரு தட்டு, ஒரு கோடு, மறுபடி ஒரு தட்டு என்று பொறுமையாகப் போனால் கோடுகள் நெருங்கிக்கொண்டே வருவதைக் கண்ணால் பார்க்கலாம். 150 ரூபாய் மட்டம் இப்போது என்னிடம் உள்ளதிலேயே நம்பகமான கருவி.

இழைப்புளியும் தேறியது, ஆனால் உடம்பு வலிக்க உழைத்த பிறகு. அதன் அடிப்பரப்பு நடுவில் குழிந்திருந்தது. நேர்விளிம்பை வைத்துப் பார்த்தால் இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபில்லர் கேஜில் 0.25 மி.மீ. தாராளமாக நுழைந்தது. சமையல் மேடையில் மிஞ்சிய கிரானைட் துண்டின்மேல் 80 எண் வாட்டர் பேப்பரை ஒட்டி, அடிப்பரப்பில் மார்க்கர் பேனாவால் குறுக்குக் கோடுகள் போட்டு, தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். கோடுகள் எங்கே அழியாமல் நிற்கின்றனவோ அங்கே பள்ளம். முன்னோரம், வாய்க்கு முன்பகுதி, பின்னோரம் ஆகிய மூன்றும் ஒரே தளத்தில் வந்தால் போதும். மரத்தைச் சீவும் தகட்டின் எஃகு நன்றாகவே இருந்தது. மேல்தகடு அதோடு இடைவெளியில்லாமல் படியும்படி ராவியதும் சீவல் அடைத்துக்கொள்வது நின்றது. தேக்கின் எண்ணெய் வாசனையோடு நீளச் சுருள் வந்தபோது, இந்தத் தேய்ப்பைத் தொழிற்சாலையில் செய்திருந்தால் விலை இன்னும் எவ்வளவு கூடியிருக்கும் என்றுதான் யோசித்தேன்.

உளிகள்தான் இந்த வேலையின் மையம்.

12 மி.மீ. அகலம், 60 மி.மீ. ஆழம் கொண்ட துளைகளை எடுக்க 12 மி.மீ. உளியைத் தீட்டினேன். கை ரோமத்தை மழிக்கும் அளவுக்குக் கூர் வந்தது. கொட்டாப்புளியால் நாலைந்து அடி அடித்ததுமே உளி இறங்குவதை விட்டுவிட்டு நார்களை நசுக்க ஆரம்பித்தது. வெயிலில் திருப்பிப் பார்த்தால் விளிம்பு நெடுக மெல்லிய வெள்ளைக் கோடு. கூர் மழுங்கிய இடம் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், நல்ல கூர் கண்ணுக்கே தெரியாது. உளியின் தட்டையான பக்கத்தில் நகத்தை நுனி நோக்கி ஓட்டினால் மடிப்பு தட்டுப்பட்டது. கூர் தேயவில்லை, மடங்கியிருக்கிறது.

தேக்கில் சிலிக்கா என்ற மணற்சத்து உண்டு. அது எந்த உளியையும் சீக்கிரம் மழுக்கும். அதனால் முதலில் தீட்டும் கோணத்தைச் சந்தேகித்து 25 பாகையிலிருந்து 30க்கு ஏற்றினேன். கொஞ்சம் கூடுதலாகத் தாங்கியது, அவ்வளவுதான். பிறகுதான் அரத்தை எடுத்தேன். நல்ல உளியின் நுனிப்பகுதியில் அரம் ஓட்டினால் கடிக்காமல் கண்ணாடிமேல் வழுக்குவதுபோல வழுக்கும். என் 12 மி.மீ. உளியில் அரம் நன்றாகக் கடித்துப் பொடி உதிர்த்தது. மற்றவற்றிலும் ஓட்டினேன். 18 மி.மீ. உளி மட்டும் ஓரளவு எதிர்த்தது.

ஊர்க் கொல்லர் பட்டறைக்கு நான்கையும் எடுத்துப் போனேன். அரிவாளும் மண்வெட்டியும் அடிப்பவர். ஒவ்வோர் உளியையும் சாணைச் சக்கரத்தில் தொட்டுத் தொட்டு எடுத்தார். 6, 12, 18 உளிகளிலிருந்து பறந்த பொறிகள் நுனியில் கிளைவிட்டுப் பூவாக வெடித்தன. 25 மி.மீ. உளியின் பொறிகள் நீளக் கோடுகளாகப் பறந்து அப்படியே அணைந்தன. “இது வெறும் இரும்புங்க தம்பி. எத்தனை தடவை காய்ச்சினாலும் தோய்ச்சல் ஏறாது” என்றார். கரி போதிய அளவு கலந்திருந்தால்தான் எஃகு கடினமாகும். அந்த உளியில் அது இல்லை. ஒரே பெட்டியில், ஒரே அச்சு, ஒரே மஞ்சள் பிடி, உள்ளே இருவேறு உலோகங்கள்.

மீதி மூன்றுக்கும் அவருடைய உலையிலேயே தோய்ச்சல் வைத்தோம். பிளாஸ்டிக் பிடிகளை அறுத்தெறிந்தோம். நுனியிலிருந்து மூன்று அங்குலம் பழுக்கக் காய்ச்சி, கம்பியில் கட்டிய காந்தத்தை அருகில் கொண்டுபோய்ப் பார்த்தோம். சுமார் 770 பாகை செல்சியசில் இரும்பு காந்தத்தை ஈர்ப்பதை விட்டுவிடும். அதைத் தாண்டி இன்னும் சிறிது சூடு ஏறியதும், இளஞ்சூடான கடலை எண்ணெயில் செங்குத்தாக இறக்கி அசைக்க வேண்டும். எண்ணெய் மேலே தீப்பற்றும் என்பதால் வாளிக்கு மூடி தயாராக இருக்க வேண்டும். ஆறியபின் அரம் வழுக்கியது. ஆனால் இந்த நிலையில் உளி கண்ணாடித்தன்மையோடு இருக்கும், அடித்தால் சில்லு பெயரும். கடினத்தைக் கொஞ்சம் இறக்கியே ஆக வேண்டும்.

அங்கேதான் வேலை ஒருமுறை கெட்டது. 12 மி.மீ. உளியை வீட்டுக் கேஸ் அடுப்பில் காட்டினேன். மெல்லிய நுனி நொடியில் சூடேறி, வைக்கோல் நிறத்தைத் தாண்டி மயில்கழுத்து நிறத்துக்குப் போய்விட்டது. அந்த நீலம் சுமார் 300 பாகை. ஸ்பிரிங்குக்கு உகந்த பதம், உளிக்கு மிகவும் மிருது. மறுபடி உலைக்குப் போய்க் காய்ச்சித் தோய்த்த பிறகு, மின் அவனில் 200 பாகையில் ஒரு மணி நேரம் வைத்தேன். முன்பே பளபளவென்று தேய்த்து வைத்திருந்ததால் நிறம் தெளிவாகத் தெரிந்தது, நுனி முதல் அடிவரை ஒரே சீரான இளம் வைக்கோல் நிறம். கொல்லரே கருவேல மரத்தில் பிடி போட்டுக் கொடுத்தார். எல்லாவற்றுக்கும் சேர்த்து 200 ரூபாய்தான் வாங்கிக்கொண்டார்.

அதன்பிறகு 12 மி.மீ. உளி வேறு உளியாகிவிட்டது. ஒரு துளை முழுவதையும் ஒரே தீட்டலில் எடுக்க முடிந்தது. துளையின் உள்சுவர் மழமழவென்று மின்னியது.

கடைசியாக டிரில். நாக்கைத் துளையோடு இறுக்க 10 மி.மீ. மரமுளைகள். வீண் மரத்தில் ஒரு துளை போட்டுப் பார்த்தபோது, 10 மி.மீ. பிட் போட்ட துளை 10.7 இருந்தது. முளை அதற்குள் கடகடவென்று ஆடியது. பிட் வளைந்திருக்குமோ என்று வேறு பிட் மாட்டியும் அதே கதை. லேத் பட்டறையில் டயல் கேஜ் வைத்துப் பார்த்தோம். பிட்டைக் கவ்விப் பிடிக்கும் சக்கில் மாட்டிய நேர்க்கம்பி 0.8 மி.மீ. ஆடியது. சக்கைக் கையால் பிடித்து அசைத்தாலே உள்ளிருக்கும் தண்டு பக்கவாட்டில் ஆடுவது தெரிந்தது. கடையிலேயே இப்படி அசைத்துப் பார்த்திருக்கலாம். அரை நிமிட வேலை.

பிரித்தோம். தண்டின் முன்பக்கத்தைப் பேரிங்கோ வெண்கலப் புஷ்ஷோ (தண்டைத் தாங்கும் குழல்) தாங்க வேண்டிய இடத்தில் எதுவும் இல்லை. அலுமினிய உடலில் போட்ட வெறும் துளைக்குள் எஃகுத் தண்டு ஓடிக்கொண்டிருந்தது. பட்டறைக்காரர் அந்தத் துளையைப் பெரிதாக்கி, கன் மெட்டல் என்ற வெண்கல வகையில் புஷ் கடைந்து ஏற்றினார். 250 ரூபாய். ஆட்டம் 0.2க்கு வந்தது. வயரும் தொட முடியாதபடி சூடானதால் அதன் முனையைச் சீவிப் பார்த்தேன். செம்பு நிற இழையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளை. செம்பு முலாம் பூசிய அலுமினியம். 130 ரூபாய்க்கு நல்ல செம்பு வயர் மாற்றினேன்.

இவ்வளவு செய்தும் டிரில் பிழைக்கவில்லை. முதல் சட்டத்தின் முளைத்துளைகள் முடிந்து இரண்டாவதில் இறங்கியபோது, காற்றுத்துளைகளுக்குள் பார்த்தால் கார்பன் பிரஷ் இருக்கும் இடத்தில் சிறு பொறி அல்ல, அது உரசும் செம்பு வளையமான கம்யூட்டேட்டரைச் சுற்றி முழு நெருப்பு வளையமே ஓடியது. வார்னிஷ் கருகும் வாடை வந்தது. மோட்டாரின் சுழலும் பாகமான ஆர்மேச்சர் எரிந்துவிட்டது. புது ஆர்மேச்சர் போடும் காசுக்குப் பாதி டிரில் வந்துவிடும். புஷ் போட்டதோடு நின்று, மோட்டாரைப் பார்க்காமல் செலவு செய்தது வீண். ஒரு பாகத்தில் இவ்வளவு மிச்சம் பிடித்தவர்கள் மற்ற பாகத்தில் மட்டும் தாராளமாக இருந்திருக்க மாட்டார்கள்.

மீதித் துளைகளைக் கோவை உக்கடத்தில் பழைய சாமான் கடையில் வாங்கிய, கையால் சுற்றித் துளைக்கும் பிரேஸால் போட்டேன். பிரேஸ் 350, 10 மி.மீ. ஆகர் பிட் 150. பிட்டின் திருகு நுனி பிட்டைத் தானாகவே மரத்துக்குள் இழுத்துக்கொண்டு போகும். பின்புறம் திருகு எட்டிப் பார்த்ததும் நிறுத்தி, மறுபுறமிருந்து துளைத்தால் சிலாம்பு பெயராது. துளை 10.05. முளை தட்டித் தட்டித்தான் இறங்கியது. அப்படித்தான் இறங்க வேண்டும். தண்ணீர் தாங்கும் மரப்பசை தடவி, கிளாம்ப் போட்டு இரவு முழுவதும் விட்டு, மறுநாள் கீல் மாட்டினேன். நடுச்சேர்க்கையில் இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவு.

நல்ல திருப்புளி ஒன்றும் 13 ஸ்பேனரும் 260 ரூபாய், வாட்டர் பேப்பர் 120 என்று சில்லறைச் செலவுகளையும் கூட்டினால், தொடக்கத்தில் போட்ட 5,400க்கு மேல் ஏறக்குறைய 1,500 ரூபாய் ஆனது. அதில் இன்று கையில் நிற்பவை இழைப்புளி, மூலைமட்டம், மூன்று உளிகள், சுத்தியல். பிளேயரின் வெட்டுவாயை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நடுவில் கோடாக ஒளி தெரிகிறது. அது கம்பியை வெட்டாது, கடித்து நசுக்கும். சக்கரத்தில் தேய்த்துச் சரிசெய்யலாம்தான், ஆனால் கீல் முனையும் ஆடுகிறது என்பதால் விட்டுவிட்டேன்.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது சட்டைப்பையில் சிறு அரமும், ஒரு பென்சிலும், தாளும் இருக்கும். ஸ்பேனரில் ஐ.எஸ். 2028, பிளேயரில் ஐ.எஸ். 3650 என்ற இந்தியத் தரக்குறி இருக்கிறதா என்று பார்ப்பேன். உளியைச் செட்டாக வாங்காமல் 12, 25 மி.மீ. இரண்டை மட்டும் தனித்தனியாக நல்லதாக வாங்குவேன். சுழலும் கருவி எதுவானாலும், தண்டைக் கையால் அசைத்துப் பார்க்கவும் ஸ்விட்சைப் பத்துப் பதினைந்து தடவை தட்டிப் பார்க்கவும் விடாத கடையில் வாங்க மாட்டேன். கிரைண்டரை வாடகைக்கு எடுத்துக்கொள்வேன். இழைப்புளியையும் மட்டத்தையும் மலிவாகவே வாங்கலாம். அவற்றின் குறை வடிவத்தில் இருப்பது, கை உழைப்பால் தீரும்.

மற்றொரு பக்கக் கதவின் அடிச்சட்டத்திலும் ஆணி வைத்துக் குத்தினால் இரண்டு விரற்கடைக்கு இறங்குகிறது. அதற்கான மரம் அதே கடையில் எடுத்துவைத்தாயிற்று. 25 மி.மீ. உளி ஒன்று வாங்க வேண்டும். டிரில் வாங்குவதாக இல்லை, பிரேஸ் இருக்கிறது.